பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பவை: காரைக்குடிப் பக்கத்திலிருந்து

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்தில் என்னிடம் பேஸைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று இன்னிசைக் குழுக்காரர்கள், மற்றது சர்ச் பாடற்குழுத் தம்பிகள். இரு தரப்பும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய் ‘செட்டப்’ (நெக்கின் வளைவு, கம்பியின் உயரம் எல்லாம் சரிசெய்வது) செய்துகொண்டு வரலாம், தப்பில்லை. ஆனால் அங்கே சரிசெய்த பேஸ், இங்கே ஒரு மழைக்காலம் கண்டதும் மறுபடி மாறிவிடும். ஆகவே கையில் பேஸ் வைத்திருப்பவரே நான்கு ஸ்க்ரூக்களைத் திருப்பப் பழகிக்கொள்வதுதான் தோது.

முதல் பேஸ் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

நாலு கம்பி, பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ், 34 அங்குல ஸ்கேல் (தலைப்பக்கத்து நட்டுக்கும் பாடியில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஓடும் கம்பியின் நீளம்). முதல் பேஸுக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் ஸ்கேல் அது. இன்றும் பெரும்பாலான கம்பெனிகள் அதே அளவில்தான் செய்கின்றன. அதனால் கம்பி, பிரிட்ஜ், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), உறை எதுவானாலும் தேடாமல் கிடைக்கும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் நெக் (விரல் வைக்கும் கழுத்து) தலைப்பக்கம் ஒல்லி, சுமார் 38 மி.மீ. பிரிசிஷன் அதைவிட மூன்று நான்கு மி.மீ. அகலம். கை சின்னதாக இருந்தால் ஜாஸ் ரகம் சுகம். சத்தத்தில் எது உசத்தி என்று கேட்டால் விடிய விடியச் சண்டை போடலாம். முதல் பேஸுக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

பழைய பேஸ் ஒன்று மலிவாக வருகிறது. எதைச் சோதிப்பது?

முதலில் நெக். பாடிப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆசாரி பலகையின் கோட்டம் பார்ப்பதுபோல் பாருங்கள். கொஞ்சம் முன்வளைவு இருந்தால் பயமில்லை. ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு மருந்து கிடையாது. அடுத்தது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி, அதாவது ட்ரஸ் ராட். விற்பவர் முன்னாலேயே அதைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கம்பி தேய்த்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் கவலை வேண்டாம். அது நூறு இருநூறு ரூபாய் வேலை.

என் மகனுக்குப் பதினொரு வயசு. பேஸ்தான் வேணும்னு நிக்கிறான். விரல் எட்டுமா?

எட்டாது என்று சொல்லி அவனை உட்கார வைக்காதீர்கள். 30 அங்குல ‘ஷார்ட் ஸ்கேல்’ பேஸ் இருக்கிறது. ஃப்ரெட்டுகள் நெருங்கி இருக்கும், கம்பியின் இழுவையும் குறைவு. கம்பி வாங்கும்போது மட்டும் ஷார்ட் ஸ்கேல் என்று கேட்டு வாங்குங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால், கீயில் (சுருதி சேர்க்கத் திருகும் முனையில்) சுற்ற வேண்டிய மெல்லிய பகுதி போய் தடித்த பகுதி கீயில் ஏறும். அப்புறம் சுற்று பிரிந்து கம்பி செத்துவிடும்.

புது பேஸ்தான். ஆனாலும் அழுத்த முடியவில்லை, சில இடத்தில் ‘சர்ர்’ என்று கம்பி அடிக்கிறது. பேஸ் மோசமா?

பெரும்பாலும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, அவ்வளவுதான். பிக்கப் மாற்றலாமா, பிரிட்ஜ் மாற்றலாமா என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவை இந்தப் பதில்தான். வரிசை மாறாமல் செய்யுங்கள். வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பியைப் புதிதாகப் போட்டு, வழக்கமான சுருதிக்கு ஏற்றுங்கள். 45 முதல் 105 வரையிலான (கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரண செட், நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70, 80 கிலோ எடைக்கு நெக்கை இழுக்கிறது. சுருதி ஏற்றாமல் நெக்கை அளப்பது வீண் வேலை.

பிறகு நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் பாடியோடு சேரும் இடத்தில் தடித்த E கம்பியை அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்களுக்கு நேர் பார்க்கும் அடிக்கோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.25 முதல் 0.35 மி.மீ. இடைவெளி வேண்டும். கையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லையா? ஒரு விசிட்டிங் கார்டு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் போதும். டூவீலர் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் இருக்கும், வால்வு கிளியரன்ஸ் பார்க்க வைத்திருப்பார்.

இடைவெளி அதிகமானால் ட்ரஸ் ராட் ஸ்க்ரூவை நேராகப் பார்த்தபடி கடிகார முள் திசையில் திருப்புங்கள், நெக் பின்னுக்கு நிமிரும். இடைவெளியே இல்லாவிட்டால் எதிர்த் திசை. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மரம் முழுசாக அசைய ஒரு ராத்திரி ஆகலாம். ஆலன் கீ சரியான அளவாக இருக்க வேண்டும். சில கம்பெனி மி.மீ. கணக்கு, சில கம்பெனி அங்குலக் கணக்கு. ‘கிட்டத்தட்டப் பொருந்துகிறது’ என்று போட்டால் ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிவிடும். அதை வெளியே எடுப்பது பெரிய பாடு. முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள்.

அடுத்தது கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேலிருந்து கம்பியின் அடி வரை, தடித்த E கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய G கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்குங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு சேடிலுக்கும் (கம்பி உட்காரும் சின்னத் துண்டு) உயரத்தை மாற்ற இரண்டு சின்ன ஸ்க்ரூ உண்டு. விரலால் மெதுவாக வாசிப்பவர் இன்னும் இறக்கலாம். நம் மேடைகளில் தவிலோடும் ரிதம் பேடோடும் போட்டிபோட்டு ஓங்கி அடிப்பவர் இறக்கவே கூடாது. ஆம்பில் கேட்காமல் காதருகே மட்டும் கேட்கும் சின்னச் சலசலப்பைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், அது பேஸின் சுபாவம்.

அந்தச் ‘சர்ர்’ முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டில் மட்டும் கேட்டால் நெக் பின்னால் வளைந்திருக்கும். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் என்றால் நெக் பாடியோடு சேரும் இடத்தில் கோளாறு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட்டுக்கு அடுத்தது எழும்பி நிற்கிறது.

சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போக அபஸ்வரமாகக் கேட்கிறது. ஏன்?

பழைய கம்பியா என்று முதலில் பாருங்கள். செத்த கம்பி எந்த ஸ்வரத்திலும் நேராக நிற்காது. புதுக் கம்பியானால் இன்டனேஷன், அதாவது நெக் முழுக்க ஸ்வரம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர் மேலே கம்பியைத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு. E கம்பியின் சேடில் பொதுவாக எல்லாவற்றையும்விடப் பின்னால் நிற்கும். நாலு சேடிலும் ஒரே கோட்டில் அழகாக நிற்கும் பேஸைப் பார்த்தால் யாரும் இன்டனேஷன் பார்க்கவில்லை என்று பொருள்.

சித்திரையில் நன்றாக இருந்தது, ஐப்பசியில் கம்பி உயர்ந்துவிட்டது. மரம் கெட்டுப்போனதா?

கெடவில்லை. நம்மூர்க் கோடையில் மரம் காய்ந்து சுருங்குகிறது, வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஈரம் குடித்து உப்புகிறது. ஈரக்காலத்தில் பெரும்பாலான நெக் முன்னால் வளைந்து கம்பி உயரும், கோடையில் நிமிர்ந்து கம்பி ஃப்ரெட்டில் உரசும். ஆண்டுக்கு இரண்டு முறை, மழை தொடங்கிக் கொஞ்ச நாளிலும் பங்குனி வெயில் ஏறியதும், வளைவை அளந்து பார்த்தால் போதும். திருப்ப வேண்டியது எட்டில் ஒரு சுற்றாகத்தான் இருக்கும். கோடையில் நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் அதுவும் இதே கதைதான்: மரம் சுருங்கியது, உலோகம் சுருங்கவில்லை. மெல்லிய அரத்தால் முனையை மட்டும் மழுக்கிவிடலாம்.

வீட்டில் எங்கே வைப்பது?

பழைய செட்டிநாட்டு வீடு என்றால் உள்கட்டு அறை உத்தமம். உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் வெப்பத்தைச் சட்டென்று ஏற விடாது. முற்றத்தை ஒட்டிய வளவில் வேண்டாம், சாரலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும். ஏ.சி.க்கு நேர் எதிரேயும் வேண்டாம். முக்கியமாக, ஆத்தங்குடித் தரையில் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். அந்தப் பூக்கல்லின் வழவழப்பில் பேஸின் அடி மெதுவாக வழுக்கும், தலை தரையில் மோதும். தலைப்பகுதி பின்னால் சாய்ந்த மாடல் என்றால் அந்த மோதலில் கழுத்தே ஒடியலாம். ரப்பர் கால் வைத்த ஸ்டாண்ட் வாங்குங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது மகா பாவம்.

கம்பியை எப்போது மாற்றுவது? வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதுசாகுமாமே?

ஆகும், கொஞ்ச நாளைக்கு. கொதிக்க வைத்தால் சுற்றுக்குள் அடைத்த எண்ணெயும் அழுக்கும் இளகி வெளியே வரும், பளீர் சத்தம் திரும்பும். நன்றாகத் துடைத்து உலர்த்திப் போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றிப் போடும்போதும் கீயில் வளைந்த இடம் பலவீனமாகும். அவசரத்துக்கு ஒருமுறை செய்யலாம். நம்மூர் வேர்வைக்குப் பூச்சுப் போட்ட கம்பி நல்ல முதலீடு. அதைவிட மலிவு, வாசித்து முடித்ததும் ஒரு பழைய பனியன் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது.

பழைய சினிமாப் பாட்டு மட்டுமே வாசிக்கும் குழுவென்றால் ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான பட்டை சுற்றிய கம்பி) போட்டுப் பாருங்கள். வழவழவென்று இருக்கும், விரல் இழுக்கும் கீச்சொலி இராது, ‘தும்’ என்று விழும். விலை அதிகம்தான். ஆனால் வருடக்கணக்கில் கிடக்கும்.

இரண்டரைக் கட்டைச் சுருதியில் பாடகர் நிற்கிறார். கீழ் ஸட்ஜம் எனக்கு இல்லை. அஞ்சு கம்பி வாங்கட்டுமா?

நாலு கம்பி பேஸின் அடி ஸ்வரம் E, அதாவது மூன்று கட்டை, 41 ஹெர்ட்ஸ். இரண்டு, இரண்டரைக் கட்டையில் பாடுபவருக்குக் கீழ் ஸட்ஜம் அதற்கும் கீழே போகிறது. மாதத்தில் ஒரு பாட்டுக்கு என்றால் E கம்பியை D-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டு கட்டை கைக்கு வரும், இரண்டரை அதற்கு அடுத்த ஃப்ரெட். அந்தக் கம்பியில் மட்டும் விரல் இரண்டு ஃப்ரெட் தள்ளி விழ வேண்டும், இரண்டு நாளில் பழகிவிடும்.

தினமும் இதுதான் பிழைப்பு என்றால் அஞ்சு கம்பி வாங்கலாம். அதன் B கம்பி 31 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றில் அந்த அடிச்சத்தம் வராது, மேல் ஒலிகளை வைத்துக் காது தானாக ஊகித்துக்கொள்ளும். நாலு கம்பி பேஸிலேயே B, E, A, D என்று போடவும் முடியும். அஞ்சு கம்பி செட்டிலிருந்து மேல் கம்பியை விட்டுவிட்டு மற்ற நாலையும் ஏற்ற வேண்டும். தலைப்பக்க நட்டில் பள்ளங்களை அகலப்படுத்த வேண்டும், வளைவு, இன்டனேஷன் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அகலப்படுத்திய நட் பழைய கம்பிக்கு லொடலொடக்கும். ஆகவே பழைய நட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புது நட்டில் வெட்டுங்கள்.

‘ம்ம்ம்’ என்று உறுமல் வருகிறது. பேஸா, ஆம்பா, கரண்டா?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கம்பியில் கை வைத்ததும் உறுமல் குறைந்தால் பேஸின் எர்த் இணைப்பு சரி. சுற்றியுள்ள ஒயர், ட்யூப்லைட், மேடை சீரியல் செட் இவற்றின் இரைச்சலைப் பேஸ் வாங்குகிறது, உங்கள் உடம்பு அதைக் கொஞ்சம் மறைக்கிறது. ஜாஸ் பேஸ் ரகத்தில் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் உறுமல் தானாக அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்பும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. பிரிசிஷனில் 1957 முதல் இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. நிரந்தரமாகக் குறைக்க உள்குழி முழுவதும் செப்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு இணைக்கலாம். நான் முதலில் சிபாரிசு செய்யும் மாற்றம் இதுதான். காசும் குறைவு, திரும்ப உரிக்கவும் முடியும்.

கம்பியில் கை வைத்ததும் உறுமல் கூடினால், அல்லது குமிழின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்கினால், உள்ளே ஏதோ ஒயர் விட்டிருக்கிறது. பெரும்பாலும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் ஒயரோ, ஜாக் சாக்கெட்டில் பற்றவைத்த இடமோ.

இனி மேடை. மாசி, பங்குனித் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டரில் ஓடும் ஆம்பில் பேஸ், வேறு லைனில் மைக். கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் ‘சுரீர்’ என்கிறதா? சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை அது. 230 வோல்ட் உங்கள் வழியாக வழி தேடுகிறது. வாசிக்கத் தொடங்குமுன் டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள். எரிந்தால், மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்வரை கம்பியைத் தொடாதீர்கள். உறுமலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிடுவது நம்மூரில் பழகிப்போன வைத்தியம். அதைச் செய்யும் ஆளைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். அதற்கு டி.ஐ. பாக்ஸில் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், உங்களைக் காக்கும் எர்த்தைத் தொடாது.

ஆக்டிவ் பேஸ். நடுக் கச்சேரியில் சத்தம் கரகரத்துச் செத்தது.

9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். கேபிளைச் சொருகியவுடன் சர்க்யூட் ஓடத் தொடங்கும், வால்யூமைக் குறைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குங்கள். உறையில் இன்னொரு பேட்டரி வையுங்கள்.

பிக்கப், குமிழ், கெப்பாசிட்டர்: எதை மாற்றினால் வித்தியாசம் தெரியும்?

மாற்றும் முன் பிக்கப்பின் உயரத்தைத் திருப்பிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால் E பக்கம் 3 மி.மீ., G பக்கம் 2.5 மி.மீ. அளவில் தொடங்கலாம். ரொம்ப ஒட்டினால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்வரம் அலையும். கால் மணி நேரம் இதில் செலவழித்தவர்களில் பலர் புதுப் பிக்கப் வாங்கும் யோசனையை விட்டிருக்கிறார்கள்.

அப்புறமும் வேண்டுமென்றால் வாங்குங்கள், நல்ல பிக்கப் காதுக்குத் தெரியும். குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (திருப்பினால் மாறும் மின்தடை), ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். எண் கூடினால் சத்தம் பளிச்சென்று ஆகும். டோன் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 0.047 மைக்ரோ ஃபாரட். அதே மதிப்பில் பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் சத்தம் ஒன்றுதான் என்பது என் கட்சி, சண்டைக்கு வருபவர்கள் வரலாம். கனமான பிரிட்ஜ் பார்வைக்கு அழகு, சத்தத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பற்றவைக்கத் தெரியாவிட்டால் பழைய டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குப் போங்கள். அந்தக் கைகளின் சுத்தம் அலாதி. கழற்றுமுன் போட்டோ எடுத்து, ஒயரிங் படத்தோடு கொடுங்கள்.

மர வேலையை ஆசாரியிடம் கொடுக்கலாமா?

பர்மாத் தேக்கில் இழைத்து நிலைவாசல் செதுக்கிய ஊர். எந்த வேலை என்பதைப் பொறுத்துக் கொடுக்கலாம். ஸ்ட்ராப் ஸ்க்ரூ துளை பெரிதாகிவிட்டதா? ‘அண்ணே, இதுல ஒரு தேக்குச் சிம்பு வச்சு அடைச்சுக் குடுங்க’ என்றால், பசை போட்டு அடைத்து, காய்ந்தபின் துளை போட்டுத் தருவார், பேஸ் இருக்கும்வரை நிற்கும். நெக் உட்காரும் குழியில் மெல்லிய மரச்சீவல் வைப்பதும் அவருக்குச் சுலபம்.

விரல்பலகை மட்டும் அவர் கையில் போகக் கூடாது. அழுக்காக இருக்கிறதே என்று அன்போடு உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்துத் தந்துவிடுவார். அதன் வளைவை அளந்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? ஃப்ரெட் சமப்படுத்துவதற்கு மதுரை, திருச்சி போவதே சரி.

ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கினால் கமகம் வருமா?

இந்த ஆசை இந்த மண்ணில் வராவிட்டால்தான் ஆச்சரியம். காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணை வாசித்த ஊர். ஆனால் கவனியுங்கள், வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் உண்டு. கமகம் மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பதால் வருகிறது. பேஸ் கம்பியை அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. அதனால் ஃப்ரெட்லெஸில் நழுவல்தான் வழி, அது மெட்டில்லாத கோட்டுவாத்தியத்துக்குப் பக்கத்து வீடு.

செய்வதானால் மலிவான இரண்டாவது பேஸில் செய்யுங்கள். ஃப்ரெட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெதுவாக நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் மரம் பெயரும். பள்ளங்களில் வேறு நிற மெல்லிய மரப்பட்டை வைத்து அடைத்தால் கோடு தெரியும். விரல் அந்தக் கோட்டின் மேலேயே விழ வேண்டும், பழையபடி இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அல்ல. நட்டின் பள்ளங்களையும் இறக்க வேண்டும். கம்பி ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள். சாதாரணக் கம்பி ரோஸ்வுட்டை அரம் மாதிரி தின்றுவிடும்.

சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸ் போடலாமா?

வீட்டில் மெதுவாக வாசிக்க, தாராளமாக. சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் கிழியலாம். மேடையில் ஆம்ப் இல்லையென்றால் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக மிக்ஸருக்குப் போங்கள்.

சென்னை போகும்போது பல்லவன் ரயிலில் எப்படிக் கொண்டுபோவது? கம்பியைத் தளர்த்த வேண்டுமா?

ரயிலுக்குத் தளர்த்த வேண்டியதில்லை. முழுக்கத் தளர்த்தினால்தான் நெக் பின்னால் போய், இறங்கியதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பஞ்சு தடித்த உறையில் போட்டு மேலே சாமான் தட்டில் படுக்க வையுங்கள், தலைப்பகுதி நடைபாதைப் பக்கம் நீளாமல். மாற்றங்கள் செய்த பேஸை அங்கே விற்கப் போகிறீர்கள் என்றால், கழற்றி வைத்த பழைய பிக்கப், நட், பிரிட்ஜ் எல்லாவற்றையும் மறக்காமல் கூட எடுத்துப்போங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.